இழப்பு, முதல் காதல், கவிதை: இளையோர் நாவலை எந்த வடிவில் எழுதுவது?

பதினேழு வயதுப் பெண். வீட்டில் ஒரு சாவு. சில மாதம் கழித்து ஒருவன் வருகிறான். இருவருக்கும் நடுவில் ஒரு கவிதை நோட்டு. இந்தக் கதையோடு என்னிடம் வருகிறவர்கள் அதிகம். பெண்ணுக்குப் பதில் பையன், அண்ணனுக்குப் பதில் தோழி என்று ஆள் மாறுமே தவிர, கதை இதுதான். கதையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் பாதிக்கு மேல் முப்பதாவது, நாற்பதாவது பக்கத்திலேயே படுத்துவிடுகின்றன. "ஃப்ளோ வரமாட்டேங்குது" என்பார் எழுதியவர். வாங்கிப் படித்தால் காரணம் தெரிந்துவிடும். கவிதையைப் பற்றிய கதைதானே என்று ஒருவர் கவிதையிலேயே ஆரம்பித்திருப்பார். இன்னொருவர் டைரி எழுதுகிற பழக்கத்தில் டைரியாக ஆரம்பித்திருப்பார். வடிவம் கைபோன போக்கில் அமைந்ததே ஒழிய, யாரும் உட்கார்ந்து தேர்ந்தெடுத்ததில்லை.

தேர்ந்தெடுக்க நான்கு வழிகள் உண்டு. நாவல் முழுவதையும் கவிதையாக எழுதலாம். உரைநடையாக எழுதி, நடுநடுவே பாத்திரம் எழுதிய கவிதைகளை வைக்கலாம். இறந்தவருக்கு எழுதும் கடிதங்களாக அமைக்கலாம். கவிதை இருப்பதாகச் சொல்லிவிட்டு, கடைசிவரை ஒரு வரியைக்கூட வாசகர் கண்ணில் காட்டாமலும் இருக்கலாம்.

## எதை வைத்து அளப்பது

நான் முதலில் பார்ப்பது இறந்தவருக்குக் கதையில் எவ்வளவு இடம் என்பதை. என்னிடம் வரும் பிரதிகளில் பெரும்பாலும் அவர் சுவரில் மாட்டிய படமாகத்தான் இருக்கிறார். நல்லவர், பாசக்காரர், போய்விட்டார். அப்புறம் காதலன் மருந்து மாதிரி வருகிறான். பத்தாவது அத்தியாயத்தில் காயம் ஆறிவிடுகிறது. தான் பழகாத ஒருவருக்காக வாசகர் எப்படி அழுவார்? இறந்தவருக்கு ஒரு கெட்ட பழக்கம் வேண்டும், பலதடவை சொல்லிச் சலித்த ஒரு ஜோக் வேண்டும், தீராத ஒரு சண்டை வேண்டும். இதற்கெல்லாம் எந்த வடிவம் இடம் கொடுக்கிறது என்பதுதான் மற்ற அளவுகோல்களைவிட எனக்கு முக்கியம்.

அடுத்தது காலம். காதல் முன்னால் ஓடும்: இன்று பார்த்தான், நாளை பேசுவான். துக்கம் அப்படி ஓடாது, சுற்றிச் சுற்றி வரும். துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் என்று எங்கேயோ படித்துவிட்டு, கட்டத்துக்கு ஒரு பாகமாக நாவலைப் பிரிக்கிறவர்கள் நிறைய. 1969இல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் அந்தக் கட்டங்களை எழுதியது, சாகப்போகிற நோயாளிகளிடம் பேசி. பின்னால் தங்கிவிட்டவர்கள் நடந்து போகிற பாதைக்கான வரைபடமாக அது தொடங்கவில்லை. நாவல் எழுதுகிறவருக்கு அதைவிடப் பயன்படுவது 1999இல் உளவியலாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் சொன்னது. இழப்பைப் பார்த்து அழுவது, திரும்பிக்கொண்டு வாழ்க்கையைக் கவனிப்பது, இரண்டுக்கும் நடுவே மனம் ஊசல் ஆடிக்கொண்டே இருக்கும் என்றார்கள் அவர்கள். காலையில் அவனோடு விழுந்து விழுந்து சிரித்தவள், மாலையில் துணி மடிக்கும்போது அண்ணனின் ஒற்றைக் காலுறையைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். இந்த ஊசலை ஒரே பக்கத்துக்குள் ஆடிக் காட்ட வடிவத்தால் முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கவிதை அங்கே என்ன வேலை செய்கிறது என்பது. கவிதைகளை எல்லாம் உருவிவிட்டாலும் கதை அப்படியே நிற்கிறது என்றால் அவை வெறும் தோரணம். இதில் நமக்கு வெளியே போய்ப் பாடம் கேட்கிற அவசியமே இல்லை. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் கோவலன் யாழை வாங்கிப் பாடுகிறான். அவன் மனசில் வேறொருத்தி இருக்கிறாள் என்று மாதவிக்குத் தோன்றுகிறது. அவளும் தனக்கு வேறொருவன் மேல் எண்ணம் இருப்பதுபோல் பாடிவிடுகிறாள். அவன் எழுந்து போய்விடுகிறான். பாட்டு இல்லாவிட்டால் அந்தப் பிரிவே கிடையாது. உங்கள் நோட்டில் இருக்கும் கவிதைகளில் ஒன்றாவது இப்படி ஒரு காரியம் செய்ய வேண்டும்.

நான்காவது, யார் கை எழுதியது என்பது. பதினேழு வயதில் எழுதிய கவிதை. அதைப் படித்து இன்னொருவன் மயங்க வேண்டும், எனவே நன்றாக இருக்க வேண்டும். பதினேழு வயதுதான் எழுதியது என்று நாமும் நம்ப வேண்டும், எனவே ரொம்பவும் நன்றாக இருந்துவிடக் கூடாது. கயிற்றில் நடக்கிற வேலை.

ஒப்பிடுவதற்கு ஒரே காட்சியை எடுத்துக்கொள்கிறேன். அண்ணன் இறந்து நான்கு மாதம். அவன் குடை அவள் பையில் கிடக்கிறது. கடைசியாக அதை மடித்தவன் அவன்தான். அதற்குப் பிறகு அவள் திறக்கவே இல்லை. இன்று மழை. அந்தப் பையன் பக்கத்தில் வந்து நிற்கிறான்.

## முழுக்கக் கவிதையாக

> மழை வலுக்கிறது.
> பையில் குடை.
> குடையில்
> அண்ணன் மடித்த மடிப்பு.
>
> விரலால் தடவினால்
> ஒவ்வொரு விளிம்பிலும்
> அவன் அவசரம்.
> ஒன்று மட்டும்
> உள்ளே போகாமல்
> நாக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது.
>
> "குடை இருக்கா?" என்கிறான்
> பக்கத்தில் நிற்பவன்.
>
> இல்லை என்றேன்.
> நனைந்தோம்.

எழுதி முடித்ததும் எனக்கே ஆச்சரியம். அவள் குடையைத் திறப்பாள் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். கவிதை திறக்க விடவில்லை. "இல்லை என்றேன்" என்று வந்த பிறகு அதற்கு மேல் எழுத ஒன்றும் இருக்கவில்லை. ஏன் பொய் சொன்னாள் என்று கவிதை விளக்காது. விளக்காமல் விடுகிற உரிமையைத்தான் இந்த வடிவம் தருகிறது. துக்கத்துக்கு அது பெரிய வரம். பெயர்கூடத் தேவையில்லை. அகப்பாட்டில் யார் பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியர் வைத்த விதி. அவன், அவள், அண்ணன் என்பதிலேயே நாவல் ஓடிவிடும்.

அடியை எங்கே உடைப்பது என்பதற்கு என்னிடம் ஒரே பாடப்புத்தகம்தான். தந்தையை இழந்த பாரியின் மகள்கள் பாடியதாக வரும் ஐந்தடிப் பாட்டு, புறநானூற்றில் 112ஆவது. அது நேரிசை ஆசிரியப்பா, எனவே கடைசிக்கு முந்தைய அடி மூன்று சீரில் குறுகும். "வென்றெறி முரசின் வேந்தர்எம்" என்று அடி தொங்குகிறது. "எம்" என்று சொல்லி மூச்சு நிற்கிறது. எங்கள் எது? "குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே." குன்று போனது அடுத்த அடியில்தான் தெரிகிறது, அப்பா இல்லாதது கடைசிச் சீரில். யாப்பு விதியே ஒரு விம்மலாகிவிட்டது. உங்கள் அடிகள் உடைகிற இடத்தில் இப்படி ஏதாவது நடக்கிறதா என்று பாருங்கள். சோதிப்பது சுலபம். ஒரு பக்கத்து வரிகளை ஒட்டிப் பத்தியாக்கிப் படித்துப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் நீங்கள் எழுதியது உரைநடை, என்டர் தட்டிய உரைநடை.

உலகத்தில் இந்த வடிவம் ஓடுமா என்ற சந்தேகம் வேண்டாம். தாயை இழந்த 14 வயதுப் பெண் சொல்வதாகக் கேரன் ஹெஸ் எழுதிய 'அவுட் ஆஃப் தி டஸ்ட்' முழுக்கவே வசனகவிதை. 1998இல், அமெரிக்காவில் சிறுவர் நூல்களுக்குத் தரும் நியூபெரி பதக்கம் வாங்கியது. 1934 குளிர்காலத்தில் தொடங்கி 1935 இலையுதிர்காலத்தில் முடிகிறது. பருவம் பருவமாகப் பிரித்திருப்பதால், கவிதைகள் எவ்வளவு சிதறினாலும் வாசகர் வழி தவறுவதில்லை. காலத்தை இப்படி வெளியிலிருந்து கட்டிக்கொடுத்தால்தான் இந்த வடிவத்தில் துக்கம் இஷ்டத்துக்குச் சுற்ற முடியும்.

இனி, வெளியே தெரியாத செலவுகள். கவிதைப் பக்கத்தில் எண்பது, நூறு சொல் இருக்கும். 250 பக்க நாவல் என்றாலும் மொத்தம் இருபது, இருபத்தைந்தாயிரம் சொல்தான். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று இதைக் கேட்டு ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். 140 பக்கம் எழுதி நண்பர் ஒருவரிடம் சத்தமாகப் படித்துக்காட்டினேன். இருபதாவது நிமிடத்தில், "இப்ப பேசறது அம்மாவா, பொண்ணா?" என்றார். இருவரும் ஒரே மாதிரி பேசினார்கள், ஏனென்றால் இருவரும் என் கவிதைக்குரலில் பேசினார்கள். 110 பக்கம் குப்பைக்குப் போனது. மற்றவர்களின் குரலைக் கவிதை விழுங்கிவிடும். அண்ணன் செத்துப்போன பிறகு, அவன் பேசிய பேச்சும் சேர்ந்து போய்விடும்.

இன்னொன்று இன்று யாரும் நினைத்துப் பார்க்காதது: செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறவர் திரையில் உங்கள் அடிகள் தம்மிஷ்டத்துக்கு மடங்கும். ஒலிநூலில் அடியே கிடையாது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. கதையில் நடந்தது தற்கொலை என்றால் இந்த வடிவத்துக்குப் போகுமுன் நிறைய யோசியுங்கள். செய்த முறையை விவரிக்காதீர்கள், அழகாக்காதீர்கள் என்று உலக சுகாதார அமைப்பு ஊடகங்களுக்குச் சொல்லியிருக்கிறது. கவிதைக்கோ எதைத் தொட்டாலும் அழகாக்குகிற கெட்ட குணம் உண்டு. படிக்கப்போகிறவர்களுக்கும் பதினேழு வயது.

இந்த வடிவம் யாருக்கு? ஒரே குரல், சின்னக் கதை, இரண்டு மூன்று பாத்திரம், பேசவே பிடிக்காத நாயகி. ஏற்கனவே கவிதை எழுதிக் கை பழகியவர். தடித்த புத்தகத்தைக் கண்டால் ஓடும் பிள்ளைகளுக்கும் இது பிடிக்கும். பக்கம் மளமளவென்று திரும்பும்.

## உரைநடை நடுவே கவிதை

> "குடை இருக்கா?" என்றான்.
>
> இருந்தது. நான்கு மாதமாகப் பையின் அடியில் கிடக்கிறது. அண்ணன் எதையும் ஒழுங்காக மடிக்கமாட்டான். சட்டை, போர்வை, செய்தித்தாள், எது அவன் கைக்குப் போனாலும் பந்துதான். "குடு, சரியா மடிச்சுத் தரேன்" என்று அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டாள். நான் தரவில்லை.
>
> "இருக்கு. ஆனா ரிப்பேர்."
>
> "நான் பாக்கட்டா?"
>
> கையை நீட்டினான். கொடுத்துவிட்டேன். ஒரு குறையும் இல்லாமல் விரிந்தது. உள்ளேயிருந்து ஒரு பஸ் டிக்கெட் தரையில் விழுந்தது.
>
> "நல்லாத்தானே இருக்கு?" என்றான்.

அன்று இரவு நோட்டில் மூன்றே வரி எழுதுகிறாள்:

> நல்ல குடைதான் என்கிறான்.
> ஆமாம்.
> மடித்தவன்தான் ரிப்பேர்.

இங்கே குடை திறந்துவிட்டது. உரைநடையில் இருவர் பக்கத்தில் நின்றால் பேசத்தான் செய்வார்கள், பேசினால் எதுவோ கைமாறும். அம்மா வந்துவிட்டாள். அண்ணனின் ஒழுங்கீனம் வந்துவிட்டது. கவிதையில் "அவசரம்" என்ற ஒரு சொல்லாக இருந்தவன் இங்கே போர்வையைப் பந்தாகச் சுருட்டுகிற ஆளாகிவிட்டான். என் முதல் அளவுகோலில் இந்த வடிவத்துக்குத்தான் அதிக மதிப்பெண்.

தொல்காப்பியர் அழுகை பிறக்கும் இடம் நான்கு என்கிறார்: இளிவு (சிறுமைப்படுவது), இழவு (இழப்பு), அசைவு (நிலை தாழ்வது), வறுமை. கவிதை நாவல்களில் இழவு மட்டுமே வருகிறது. ஆனால் பதினேழு வயதில் அதற்குச் சமமாக வலிப்பது இளிவு. வகுப்புக்குள் நுழைந்ததும் பேச்சு நிற்பது, வீட்டுப்பாடம் எழுதாமல் போனாலும் டீச்சர் திட்டாதது, அந்த 'ஐயோ பாவம்' பார்வை. அதற்குப் பெஞ்சு வேண்டும், கூட்டம் வேண்டும், நாலு பேர் பேச்சு வேண்டும். உரைநடையில்தான் அதற்கெல்லாம் இடம் இருக்கிறது. அந்தப் பையன்மேல் அவளுக்கு ஏன் ஈர்ப்பு வந்தது என்பதற்கும் காரணம் அங்கேதான் கிடைக்கும்: அவன் ஒருவன்தான் அவளைத் திட்டினான்.

இந்த வழி நமக்குப் புதிதும் இல்லை. சிலப்பதிகாரம் தன்னையே 'உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்' என்கிறது. அங்கே பாட்டு வீடு, உரை விருந்தாளி. உங்கள் நாவலில் அது தலைகீழ்.

இதன் செலவு நேர்மையாகச் சொன்னால் ஒன்றே ஒன்று: வாசகர்கள் கவிதையைத் தாண்டிப் போய்விடுவார்கள். நானே தாண்டுவேன். சாய்ந்த எழுத்தில் நாலு வரி தெரிந்ததும் கண் தானாக அடுத்த பத்திக்குப் போகும். உரைநடை சொன்னதையே கவிதையும் சொல்லும் என்று முன்பே பட்ட அனுபவம்தான் காரணம். மேலே உள்ள மூன்று வரியில் ஒரு புதுத் தகவல் இருக்கிறது, அவள் அண்ணன்மேல் கோபமாக இருக்கிறாள். உரைநடையில் அந்தக் கோபம் இல்லை. இப்படி ஒவ்வொரு கவிதையும் உரைநடை சொல்லாத ஒன்றைக் கொண்டுவந்தால், மூன்றாவது கவிதையிலிருந்து வாசகர் தாண்டமாட்டார். இருநூறு பக்கத்துக்கு எட்டு, மிஞ்சினால் பத்துக் கவிதை போதும்.

கவிதைகள் வளரவும் வேண்டும். முதல் கவிதை சுமாராக, கொஞ்சம் சினிமாப் பாட்டு வாடையோடு இருக்கட்டும். கடைசியில் வருவது அவளுடையதாக இருக்கட்டும். வேண்டுமென்றே மோசமாக எழுதுவதைப்போலக் கஷ்டமான வேலை வேறில்லை. எனக்கு ஒரு கெட்ட கவிதைக்கு மூன்று நாள் ஆனது.

பாத்திரங்கள் வேறு கவிஞர்களின் வரிகளைச் சொல்லிக்கொள்வதாக எழுதுகிறவர்கள் கணக்கில் கொள்ள வேண்டியது காப்புரிமை. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு, பல நாடுகளில் 70 ஆண்டு. திரைப்பாடல் வரிக்கும் இது உண்டு. சங்கப்பாட்டைத் தாராளமாக எடுக்கலாம். ஆனால் அதற்கு இன்றைய ஒருவர் எழுதிய உரையையோ மொழிபெயர்ப்பையோ எடுத்தால் அது அவருடையது. அனுமதிக்கு அலைவதைவிட நாமே எழுதிவிடுவது மேல்.

## இறந்தவருக்குக் கடிதங்களாக

> அண்ணா, உன் குடையைத் திறந்துட்டேன். நான் திறக்கலை, அவன் திறந்தான். சரி, நான்தான் எடுத்துக் குடுத்தேன். திட்டாதே. அப்புறம் வீட்டுக்கு வந்து மறுபடி உன்னை மாதிரியே மடிக்கப் பார்த்தேன். ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் நல்லா மடிஞ்சுபோகுது. அதுதான் பிரச்சினை.

இந்தக் கடைசி இரண்டு வாக்கியம் மற்ற வடிவங்களில் எனக்குக் கிடைத்திருக்காது. யாரிடம் சொல்கிறோம் என்பது முடிவானதும் எது சொல்லத் தகுந்தது என்பதும் முடிவாகிவிடுகிறது. மடிப்பு கலைந்ததற்கு அவனிடம்தானே மன்னிப்புக் கேட்க முடியும்?

இறந்தவரோடு பேசுவதை மனப்பிறழ்வாக எண்ண வேண்டியதில்லை. 1996இல் டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் மூவரும் தொகுத்த நூல் அதைத் தொடரும் பந்தம் என்று பெயரிட்டே பேசியது: உறவு முடிவதில்லை, வேறு உருவில் தொடர்கிறது. கடித நாவல் நிற்பது அந்தத் தரையில். அண்ணன் ஒவ்வொரு பக்கத்திலும் 'நீ'யாக உட்கார்ந்திருக்கிறான். முதல் அளவுகோலில் தோற்கவே முடியாத வடிவம் போலத் தோன்றும்.

ஆனால் ஒரு சிக்கல். 'நீ' பேசமாட்டான். மாதவி தாழை மடலில் எழுதி அனுப்பிய கடிதத்தை வாங்க மறுக்கவாவது கோவலன் இருந்தான். இங்கே மறுக்கவும் ஆளில்லை. எனவே அண்ணனின் பதில் அவள் கடிதத்துக்குள்ளேயே வர வேண்டும்: "நீ என்ன சொல்வேன்னு தெரியும்", "சிரிக்காதே", "இதுக்குத்தானே அன்னிக்கு கதவைச் சாத்தினே?" இப்படி எதிராளியின் பேச்சை இழுத்து உள்ளே போடத் தெரிந்தால் கடிதம் உயிர் பெறும். தெரியாவிட்டால் அது பிரார்த்தனை ஆகிவிடும்.

இரண்டாவது சிக்கல் விவரம் சொல்வது. "அம்மா ஸ்கூல் டீச்சர் என்பது உனக்குத் தெரியும்" என்று எந்தத் தங்கையும் அண்ணனுக்கு எழுதமாட்டாள். அவனுக்குத் தெரிந்ததை அவனிடம் சொல்ல முடியாது, வாசகருக்கோ அது தெரிந்தாக வேண்டும். இருவரும் ஒத்துக்கொள்ளாத விஷயங்களை மட்டும் பேச விடுங்கள். "சைக்கிளை உடைச்சது நான் இல்லை" என்று ஆரம்பித்தால் குடும்பமே அதற்குள் வந்துவிடும்.

மூன்றாவது, முத்தம். அண்ணனுக்கு எழுதுகிற கடிதத்தில் முதல் முத்தத்தை எப்படி எழுதுவாள்? எழுதமாட்டாள். இதைக் குறையாகப் பார்த்தவர்கள் இந்த வடிவத்தைக் கைவிட்டிருக்கிறார்கள். என் பார்வையில் இங்கேதான் இதன் ருசியே. வாரம் நாலு கடிதம் எழுதியவள் வாரம் ஒன்று எழுதுகிறாள், அப்புறம் மாதம் ஒன்று. தேதிகளுக்கு நடுவே விழுகிற பள்ளத்தில்தான் காதல் நடக்கிறது. அவள் மறைக்கத் தொடங்கிவிட்டாள் என்று வாசகருக்குத் தெரியும், அவள் ஒப்புக்கொள்வதற்கு முன்பே. துக்கம் தளர்வதையும் காதல் நெருங்குவதையும் வெறும் தேதியால் சொல்லிவிட முடிகிறது. நான் சொன்ன ஊசல் இதைவிட மலிவாக வேறெங்கும் கிடைக்காது.

ஆனால் அந்தப் பையன் பாவம். அவனை எப்போதும் அவள் சொல்லித்தான் பார்க்கிறோம், அதுவும் அண்ணனுக்குப் பிடிக்குமாறு வெட்டி ஒட்டி. காதலை மனசார உணர வைப்பதுதான் உங்கள் குறி என்றால் கடிதம் காலை வாரும்.

கடிதத்துக்குப் பதில் இறந்தவர் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதாக எழுதலாமா என்று கேட்கிறார்கள். எழுதலாம். அந்த எண் வேறொருவருக்குப் போய், அவர் பதில் போட்டு, அவரையே காதலிப்பதாக மட்டும் வேண்டாம். நான் படித்த பிரதிகளிலேயே அது போதுமான தடவை நடந்துவிட்டது.

## கவிதையைக் காட்டாமல்

குடைக்கடியில் நோட்டை நீட்டுகிறாள். அவன் படிக்கிறான். நமக்குத் தெரிவதெல்லாம் அவன் காது சிவப்பதும், இரண்டாவது பக்கத்தைத் திருப்பாமல் முதல் பக்கத்தையே மறுபடி மேலிருந்து படிப்பதும்தான்.

தனக்குக் கவிதை வராது என்று தெரிந்தவருக்கு இது கௌரவமான வழி. யார் கை என்ற தலைவலியே கிடையாது. ஒருமுறை செய்தால் மந்திரம்போல இருக்கும். ஐந்தாவது முறை, எழுத்தாளர் எதையோ ஒளிக்கிறார் என்று வாசகர் மோப்பம் பிடித்துவிடுவார். கவிதைதான் கதையின் மையம் என்றால் நாவல் முழுக்க இதைத் தாங்காது. கவிதை ஒரு கிளைச்சாலை மட்டும் என்றால் தாராளமாகத் தாங்கும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | முழுக்கக் கவிதை | உரைநடை நடுவே கவிதை | கடிதம் | காட்டாத கவிதை |
|---|---|---|---|---|
| இறந்தவருக்கு இடம் | நிழலாக | ஆளாக | எப்போதும் எதிரில், ஆனால் ஊமை | உரைநடை எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவு |
| காதலருக்கு இடம் | குறைவு | நிறைய | அவள் வடிகட்டிக் கொடுப்பது | நிறைய |
| ஊசல் | ஒரு அடிக்குள்ளேயே முடியும் | அத்தியாயத்துக்குள் முடியும் | தேதிகளின் இடைவெளியில் | உரைநடையைப் பொறுத்தது |
| கவிதையின் வேலை | அதுவேதான் கதை | திருப்பம் கொடுத்தால் உண்டு | பெரும்பாலும் வேண்டியதில்லை | எதிரில் இருப்பவர் முகத்தில் தெரியும் |
| மறைந்திருக்கும் செலவு | எல்லோர் குரலும் ஒன்றாவது | வாசகர் தாண்டிப்போவது | விவரம் சொல்ல வழியில்லாதது | ஏமாற்றுவதுபோல் ஆவது |

## அப்படியானால் எது

முதல் நாவல் என்றால், வேறு வலுவான காரணம் இல்லாதவரை, உரைநடை நடுவே கவிதை. தப்பு செய்தால் திருத்த இடம் இருக்கிறது. மோசமான கவிதையைத் தூக்கிவிட்டு வேறு வைக்கலாம், கட்டடம் விழாது. கவிதை நாவலில் ஒரு செங்கலை உருவினால் பத்துப் பக்கம் சரியும்.

இறந்தவரோடு தீராத சண்டை ஒன்று இருந்தால் கடிதம். கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்த மூன்றாவது நாள் அவன் போய்விட்டான் என்பது மாதிரிக் கதைக்கு அதைவிடப் பொருத்தம் கிடையாது. சண்டை இல்லாமல் பாசம் மட்டும் என்றால் கடிதம் ஐம்பதாவது பக்கத்தில் திகட்டும்.

கவிதை நாவலை, உங்கள் நாயகி பேச மறுக்கிறவள் என்றால் எடுங்கள். அவளுக்குப் பேச நிறைய இருக்கிறது, உங்களுக்கு எழுத நேரமில்லை என்பது காரணமாகாது.

எல்லாவற்றையும் கலக்கலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். ஒன்று வீடாக இருக்கட்டும், இன்னொன்று ஒரே ஒரு தடவை விருந்துக்கு வரட்டும். கடித நாவலில் ஒரு நாள் மட்டும் கடிதத்துக்குப் பதில் கவிதை வரலாம், அன்று அவளால் வாக்கியம் எழுத முடியவில்லை என்று அர்த்தம். அடிக்கடி மாறினால் வாசகர் வடிவத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், அவளைப் பார்க்கமாட்டார்.

நாவலைத் தொடங்குமுன் உங்கள் கதையிலிருந்து இப்படி ஒரு காட்சியை எடுத்து மூன்று விதமாக எழுதிப் பாருங்கள். ஒரு மாலை போதும். கதை எங்கே முடிகிறது என்பதைவிட, எந்த வடிவத்தில் எது காணாமல் போகிறது என்று கவனியுங்கள். எனக்கு அந்தப் பஸ் டிக்கெட்தான் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. உரைநடையில் அது தானாக வந்து விழுந்தது. கவிதையில் குடையே திறக்காததால் அது உள்ளேயே இருக்கிறது. கடிதத்தில் விழுந்திருக்க வேண்டும், அவள் அதை அண்ணனிடம் சொல்லவில்லை.